கேள்வி–பதில்: தேங்காய் எண்ணெய் கொடுத்தால் ஃபிட்ஸ் நிற்குமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, 15 கிலோ இருக்கிறான். மூன்றரை வயதில் ஃபிட்ஸ் ஆரம்பித்தது. நின்றுகொண்டிருக்கும்போதே தலை தொங்கிப் பொத்தென்று விழுந்துவிடுகிறான். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை. நெற்றியில் இரண்டு முறை தையல் போட்டாகிவிட்டது. வால்புரோயேட், லெவெடிராசிடம் இரண்டும் சிரப்பாகவும், குளோபாசம் மாத்திரையாகவும் கொடுக்கிறோம். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. உடம்பு இளைக்க கீட்டோ டயட் இருந்த என் நாத்தனார், இதே டயட்டில் குழந்தைகளுக்கு ஃபிட்ஸ் நிற்கும் என்று ஒரு வீடியோ காட்டினார். பத்து நாளாகக் காலையில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் கொடுத்து, ராத்திரி சோற்றை நிறுத்திப் பார்க்கிறேன். அத்தை, "புள்ளைய பட்டினி போடுறியா" என்று தினமும் சண்டை. வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறார். நான் பத்தாவது வரை படித்திருக்கிறேன். இந்த டயட் உண்மையா? வீட்டிலேயே செய்யலாமா? மருந்தை நிறுத்தலாமா? அடுத்த மாதம் அவனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டலாமா, கூடாதா?
— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இன்று ராத்திரி பையனுக்குச் சோறு போடுங்கள். காலை எண்ணெயை நிறுத்துங்கள். மூன்று மருந்தில் ஒன்றிலும் கை வைக்காதீர்கள். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. வால்புரோயேட்டையும் குளோபாசத்தையும் திடீரென்று நிறுத்தினால் விட்டுவிட்டு வரும் வலிப்பு விடாமல் வரும் வலிப்பாக மாறிவிடலாம். பத்து நாளாக நீங்கள் செய்து பார்த்ததை அடுத்த முறை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

இதைச் சொல்லிவிட்டு உங்கள் நாத்தனார் பக்கம் வருகிறேன். அவர் காட்டிய வீடியோவை நான் பார்க்கவில்லை. ஆனால் விஷயம் பொய்யில்லை. உடம்பு இளைப்பதற்கு ஊரெல்லாம் கீட்டோ பேசுவதற்குப் பல காலம் முன்பே அது குழந்தைகளின் வலிப்புக்கான வைத்தியமாக இருந்தது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பது மிகப் பழைய அனுபவம். 1911-ல் பிரான்சில் இரண்டு மருத்துவர்கள் அதை முறையாக எழுதி வைத்தார்கள். எத்தனை நாள்தான் பட்டினி போட முடியும்? 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் ஒரு வழி சொன்னார்: மாவுச்சத்தைச் சுருக்கி, கொழுப்பைக் கூட்டிக் கொடுத்தால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உடம்பு பட்டினி கிடப்பதுபோல வேலை செய்யும். கீட்டோஜெனிக் டயட் என்று பெயர் வைத்ததும் அவரே. ஆக, உங்கள் அத்தை 'பட்டினி' என்று சொன்னதில் சரித்திரம் கொஞ்சம் அவர் பக்கம் இருக்கிறது. வயிறு நிறைந்த பட்டினி என்று வேண்டுமானால் திருத்திச் சொல்லலாம்.

1938-ல் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து வந்தது. மாத்திரை போட்டால் போதும் என்றானபோது, தராசு வைத்து வெண்ணெய் நிறுத்துக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? பல பத்தாண்டுகள் இந்த உணவுமுறை மூலையில் கிடந்தது. மாத்திரைக்கு அடங்காத குழந்தைகள் எப்போதும் இருந்தார்கள் என்பதால் மறுபடி வெளியே வந்தது. 2008-ல் லண்டனில் 145 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில், மூன்று மாத முடிவில், உணவுமுறையில் இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. இல்லாதவர்களில் அது 6 சதவீதம். நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸ் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் கொஞ்சம் தளர்த்திய முறையைச் செய்து பார்த்தார்கள். அதில் உணவுமுறையில் இருந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைந்தது, இல்லாதவர்களில் 11.5 சதவீதம். எல்லாக் குழந்தைக்கும் கேட்பதில்லை. முழுக்க நிற்பது சிலருக்குத்தான். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால் அடுத்த மருந்தோடு இதையும் யோசிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட நிலைப்பாடு. உங்கள் மகன் மூன்றில் இருக்கிறான். அதனால் "இது அவனுக்குச் சரிப்படுமா?" என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. தலை தொங்கி விழுகிற வகைகளில் சிலவற்றுக்கு இது நன்றாகவே கேட்கும்.

அப்படியானால் வீட்டிலேயே செய்தால் என்ன? கணக்கைக் காட்டுகிறேன். இது உங்கள் மகனுக்கான உணவு சீட்டு இல்லை, எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு மட்டும்.

மூளை சாதாரணமாகச் சர்க்கரையில் ஓடுகிறது. சர்க்கரை வரத்து மிகவும் குறைந்தால், கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைச் செய்து கொடுக்கும். அந்த நிலை இரவும் பகலும் அறுபடாமல் இருந்தால்தான் பலன். பழைய கண்டிப்பான முறையில் நாலுக்கு ஒன்று என்று வைப்போம்: புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நாலு கிராம். ஒரு நாளைக்கு 1200 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு இது 120 கிராம் கொழுப்பு, மற்ற இரண்டும் சேர்ந்து 30 கிராம். வளர்கிற பிள்ளைக்கு அந்த முப்பதில் பாதிக்கு மேல் புரதமாகவே வேண்டும். மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 12 கிராம் சுமார். இரண்டு இட்லியில் அது தீர்ந்துபோகும். நீங்கள் கொடுத்த இரண்டு ஸ்பூன் எண்ணெய் பத்து கிராம்கூட வராது. அதற்குப் பின்னால் அவன் சாப்பிட்ட இட்லியும் மத்தியானச் சோறும் கீட்டோன் உண்டாக விட்டிருக்காது. ராத்திரி மட்டும் அரைப் பட்டினி. பலன் இல்லாமல் பசி மட்டும் மிச்சம்.

இப்போது ஒரு வேளைத் தட்டைப் பாருங்கள். 1200-ஐ நாலு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 30 கிராம் கொழுப்பு, ஏழரை கிராம் மற்றது. ஒரு முட்டையை உடைத்தால் ஓடு போக 50 கிராம். அதில் புரதம் ஆறரை, கொழுப்பு ஐந்து, மாவுச்சத்து அரை கிராம் இருக்காது. அதோடு பத்து கிராம் புடலங்காய். நறுக்கினால் ஒரு கைப்பிடிகூட வராது. இந்த இரண்டுக்கும் மேல் 25 கிராம் எண்ணெய், அதாவது ஐந்து டீஸ்பூனுக்கு மேல். புடலங்காயை வதக்கி முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் பொரியல் எண்ணெயில் மிதக்கும். குழந்தை பொரியலைத் தின்றுவிட்டு எண்ணெயைத் தட்டில் விட்டுவிட்டால் மருந்தில் பாதி தட்டிலேயே நிற்கிறது என்று அர்த்தம். அதனால் வாணலியையும் தட்டையும் ரப்பர் கரண்டியால் வழித்து வாயில் கொடுக்கச் சொல்வோம், உணவு சீட்டு எழுதுகிற நாங்கள். வெண்ணெயில் பாதி, எண்ணெயில் பாதி என்று பிரித்தால் பிள்ளைகள் எதிர்ப்பு கொஞ்சம் குறையும். இப்படி நாலு வேளை, கிராம் காட்டும் மின்தராசு வைத்து, மூன்று மாதம். அதற்குள் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். தெரிந்தால் பொதுவாக இரண்டு வருடம் ஓட்டி, பிறகு மெதுவாக இறக்குவார்கள்.

கணக்கு கஷ்டம் என்பதற்காக மட்டும் வீட்டில் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொழுப்பை எரிக்கவே முடியாத சில பிறவிக் கோளாறுகள் உண்டு. வெளியில் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்தச் சாப்பாடு உயிருக்கே ஆபத்து. அதனால்தான் தொடங்கும் முன் ரத்தம், சிறுநீர் சோதனைகள், கல்லீரல், சிறுநீரகம், கொலஸ்ட்ரால், சிறுநீரக ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். முதல் சில நாட்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் வைத்தே, விகிதத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள். சர்க்கரை இறங்குகிறதா, வாந்தி எடுக்கிறானா, மயங்கிக் கிடக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகும் மலச்சிக்கல் பலருக்கு வரும். நூறில் ஐந்தாறு பேருக்குச் சிறுநீரகக் கல் வரும். தண்ணீரைக் குறைக்கவே கூடாது. உயரம் கொஞ்சம் மந்தப்படலாம். வைட்டமினும் கால்சியமும் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை மூளைக்குள் கொண்டுபோகும் கடத்தியில் குறை இருக்கும் குளுட்-1 என்ற நோய்க்கு இந்த உணவுமுறைதான் முதல் வைத்தியம். மாத்திரை எல்லாம் பிறகு. உங்கள் மகன் காலையில் வெறும் வயிற்றில் அதிகம் விழுந்து, சாப்பிட்டதும் தெளிகிறானா என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். அப்படி இருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

சிரப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நீங்கள் கொடுக்கும் சிரப் இனிப்பாக இருக்கிறதே, அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது? ஐந்து மில்லி சிரப்பில் இரண்டு மூன்று கிராம் சர்க்கரைகூட இருக்கலாம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிராம் கணக்கில் வாழும் பிள்ளைக்கு, காலை மாலை இரண்டு சிரப், நடுவில் ஒரு காய்ச்சல் மருந்து என்றால் தட்டில் வைக்க என்ன மிஞ்சும்? தொடங்கும்போது டாக்டர் மாத்திரைக்கு மாற்றிக் கொடுப்பார். நீங்களாக மாற்றாதீர்கள். மெதுவாகக் கரையும் வகை வால்புரோயேட் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது.

இனி, என்னைப் பொறுத்தவரை முக்கியமான இடம். இந்த வைத்தியம் அடுப்படியில் தோற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. மாடிப்படியில், டீக்கடையில், பக்கத்து வீட்டு வாசலில் தோற்கிறது. நம் பக்கத்தில் ஒரு குழந்தையைக் கொஞ்சுவது என்றால் கையில் ஏதாவது கொடுப்பதுதான். கமர்கட், தேன்மிட்டாய், ஆடியில் கூழ், ரம்ஜானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. சும்மா கொஞ்சிவிட்டுப் போகிறவர் யார்?

பல வருடம் முன்பு, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன், ராயபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. தாய் அபார கவனம். தினமும் சிறுநீர் ஸ்ட்ரிப்பை நனைத்து, நிறத்தை நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். கீட்டோன் நன்றாக இருந்தால் ஸ்ட்ரிப் கருஞ்சிவப்பாகும். அந்த நோட்டில் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வெளிறிப்போய் இருக்கும், மறுநாள் வலிப்பு. அரிசியா, பற்பசையா, சிரப்பா என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், அப்பாவுக்கு வலை வேலை இல்லாத நாட்கள் அவை. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவார். தன் டீயில் நனைத்து ஒரு பொறை. "ஒரு பொறைதானே மேடம்" என்றார். நான் அவரை எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டேன். அடுத்த முறை அந்தக் குடும்பம் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொறையில் தவறிய கீட்டோனை இரண்டு நாளில் பிடித்திருக்கலாம். அவரை நான் விட்டுவிட்டேன். அதன் பிறகு உணவு சீட்டு எழுதும் முதல் நாள் அப்பாவோ பாட்டியோ கூட வராவிட்டால் நான் தராசையே வெளியில் எடுப்பதில்லை.

அதனால் உங்கள் அத்தையைச் சண்டைக்காரராகப் பார்க்காதீர்கள். பட்டினி போடுகிறாயா என்று கேட்கிறவர், பிள்ளை என்ன சாப்பிடுகிறான் என்பதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்ட்ரிப் நனைப்பதை அவரிடம் கொடுங்கள். நிறம் வெளிறினால் முதலில் துடிப்பவர் அவராகத்தான் இருப்பார். வீட்டுக்காரரும் கரையில் இருக்கும் ஒரு நாளைப் பார்த்து வரட்டும்.

நீங்கள் பத்தாவது படித்ததைத் தயங்கி எழுதியிருந்தீர்கள். அது தடையே இல்லை. டெல்லி ஆய்வில் செய்த தளர்த்திய முறையில், மாற்றியமைத்த அட்கின்ஸ் என்று அதற்குப் பெயர், எல்லாவற்றையும் நிறுக்க வேண்டியதில்லை. மாவுச்சத்து ஒரு நாளைக்குப் பத்து முதல் இருபது கிராம் என்று கட்டுப்படுத்தி, கொழுப்பைத் தாராளமாகக் கொடுத்தால் போதும். புரதத்துக்கு அளவு கிடையாது. அதிகம் படிக்காத பெற்றோருக்காகவே இதை இன்னும் எளிமையாக்கிச் செய்து பார்த்து 2016-ல் வெளியிட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு இதுதான் பொருந்தும். டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

காசிமேட்டுக்காரர் வீட்டுக்கு ஒரு வசதியும் உண்டு. மீனில் மாவுச்சத்து இல்லை. சங்கராவோ நெத்திலியோ எண்ணெய் விட்டு வறுத்துக் கொடுக்கலாம். மேலே தடவும் அரிசி மாவும் கார்ன்ஃப்ளாரும்தான் வில்லன். மீன் குழம்பில் மீன் நல்லது, குழம்பு இல்லை: புளியில் நிறைய மாவுச்சத்து இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பள்ளியில் காலை உணவு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வரும். டீச்சரிடமும் பரிமாறுகிற அக்காவிடமும் நேரில் போய்ச் சொல்லி, டப்பா கொடுத்து அனுப்ப வேண்டும். மத்தியான முட்டையை அவன் சாப்பிடலாம், அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால்.

இன்னொரு பழக்கம். பிள்ளை சோர்ந்து கிடந்தால் "ஒரு குளுக்கோஸ் ஏத்திடுங்க சார்" என்று நாமே கேட்டு வாங்குவோம். டயட்டில் இருக்கும் குழந்தைக்கு அந்த ஒரு பாட்டில் பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். காய்ச்சல், பேதி என்று எங்கே தூக்கிப்போனாலும், "கீட்டோஜெனிக் உணவில் இருக்கிறான், சர்க்கரை இறங்கியிருந்தால் தவிர டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) வேண்டாம்" என்று டாக்டர் கையெழுத்திட்ட சீட்டு கையில் இருக்க வேண்டும். சர்க்கரை இறங்கியிருந்தால் ஏற்றத்தான் வேண்டும், அப்போது தடுக்காதீர்கள்.

எங்கே போவது? இப்போது பார்க்கும் டாக்டரிடமே முதலில் கேளுங்கள். அவர் வேறிடம் அனுப்பினால், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தை நரம்பியல் பிரிவு இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர் அடுத்த ஸ்டேஷன். போகும்போது மருந்துப் பாட்டில்கள், பழைய இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு), மூன்று நாள் அவன் வாயில் போட்டதெல்லாம் எழுதிய தாள், எத்தனை முறை விழுந்தான் என்ற கணக்கு. முக்கியமாக, அவன் விழுவதைச் செல்போனில் எடுத்த வீடியோ. பத்து நிமிடம் நீங்கள் விளக்குவதைவிட அந்தப் பத்து விநாடி டாக்டருக்கு அதிகம் சொல்லும். டயட்டோ மருந்தோ வேலை செய்யும்வரை நெற்றியைக் காப்பாற்ற வேண்டுமே: விளையாடும்போது மெத்தை வைத்த ஹெல்மெட் ஒன்று போட்டுவிடுங்கள். உடம்பெல்லாம் வெட்டி இழுக்கும் ஃபிட்ஸ் வந்தால் கையில் சாவி, இரும்பு வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

கேக் விஷயத்துக்கு வருகிறேன். டயட் தொடங்கிவிட்டால் இரண்டு வருடம் கேக் கிடையாது. முட்டையும் க்ரீமும் வைத்து வேறு ஏதாவது செய்துகொடுக்க அப்போது சொல்லித் தருகிறேன். இன்னும் தொடங்கவில்லையே. அடுத்த மாதம் தாராளமாக வெட்டுங்கள், அவனுக்கும் ஒரு துண்டு கொடுங்கள். கூட்டத்தில் ராத்திரி மருந்து மட்டும் தவறிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அந்தப் பொறுப்பை அத்தையிடம் கொடுங்கள்.